ஆர்15-க்கு உயர ஹேண்டில்: கடையில் கிடைக்கும் மூன்று வகை கிட், ஏற்காட்டு வளைவுகளில் தாக்குப்பிடிப்பது எது

கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வரும்வரை யமஹா ஆர்15 வி3 (மூன்றாம் பதிப்பு) பைக்கின் கிளிப்-ஆன், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களிலும் தனித்தனியாக இறுகும் தாழ்ந்த ஹேண்டில், பெரிய தொல்லை தராது. சாலை நேர், எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்கிறது, கைக்குப் பாரம் குறைவு. தொல்லை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு மாதிரி நின்று நின்று நகரும் நெரிசல். அங்கே காற்றின் தாங்கல் கிடையாது, மேலுடம்பின் கனம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். இன்னொன்று, ஏற்காட்டிலிருந்து திரும்பி இறங்கும் பாதை. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அந்த உயரத்தை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முடிக்கும் வரை வண்டி மூக்கைக் கவிழ்த்தபடியே இருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முன்னால் சரியும். பத்தாவது வளைவுக்குள் உள்ளங்கைச் சதை மரத்துவிடும்.

இதற்கு மருந்தாக விற்கப்படுபவை மூன்று வகை. உயர்த்திய கிளிப்-ஆன். இருக்கும் டி-யின் மேல் பூட்டும் அடாப்டர் பிளேட். அதே குடும்பத்து நேக்கட் (ஃபேரிங் என்ற முன்மூடி இல்லாத) வண்டியின் மேல் டி-யும் ஒற்றை ஹேண்டில்பாரும். ‘டி’ என்று இங்கே சொல்வது இரண்டு ஃபோர்க் குழாய்களையும் மேலே சேர்த்துப் பிடிக்கும் அலுமினிய வார்ப்பு; பட்டறையில் ஹேண்டில் டி என்றால் புரிந்துகொள்வார்கள். மூன்றையும் ஆர்15 வி3-யை வைத்தே பார்க்கலாம். பஜாஜ் ஆர்எஸ்200, கேடிஎம் ஆர்சி மாதிரி வண்டிக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், அளவுகள் மட்டும் மாறும்.

பெட்டியின் மேல் ‘எல்லாம் சேர்த்து’ என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். ஹேண்டில் 60 மில்லிமீட்டர் உயர்ந்து பின்னால் வந்தால், அதோடு பிணைந்திருக்கும் எல்லாவற்றுக்கும் நீளம் போதாமல் போகும்: கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், முன் டிஸ்க் ஹோஸ், இரண்டு பக்க ஸ்விட்சுகளின் ஒயர். பல கிட்டுகளில் வருவது பாரும் பிளேட்டும் நான்கு போல்ட்டும்தான். பட்ஜெட் போடும்போது ஹோஸ், கேபிள், காப்பர் வாஷர், பிரேக் ஆயில், கூலி ஐந்தையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு பிறகு கிட்டின் விலையைப் பாருங்கள்.

உயர்த்திய கிளிப்-ஆன்

அதிகம் பேசப்படாத, ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் போதுமான வழி இது. ஃபோர்க் குழாயைச் சுற்றி இறுகும் வளையம் பழையபடியே இருக்கும். பிடி வரும் குழாய் மட்டும் 25 முதல் 50 மில்லிமீட்டர் மேலே ஏறி, கொஞ்சம் பின்னால் வரும். 25, 30 மில்லிமீட்டர் என்பது கேட்க அற்பமாக இருக்கலாம். முழங்கை சற்று மடங்கி நிற்க அந்த அளவே பல உடம்புக்குப் போதும், முழங்கை மடங்கினால் பாரம் மணிக்கட்டை விட்டு முதுகுக்கும் வயிற்றுத் தசைக்கும் போய்விடும். இந்த உயரத்துக்குள் நின்றால் பெரும்பாலும் கம்பெனி ஹோஸையும் கேபிளையும் வழி மாற்றிக் கட்டியே சமாளிக்கலாம். 40-ஐத் தாண்டினால் ஹோஸ் மாற்றம் நிச்சயம்.

கவனிக்க வேண்டியது வளையத்தின் உள் விட்டம். இந்திய வி3-யின் முன் ஃபோர்க் சாதாரண வகை, குழாய் 41 மில்லிமீட்டர்; ஆகவே வளையமும் 41-தான் வேண்டும். 43 மில்லிமீட்டர் வளையத்தைக் கொடுத்து, உள்ளே கூல்டிரிங்ஸ் டின் தகட்டை வெட்டிச் சுற்றி இறுக்கித் தரும் வேலை நம்மூரிலும் நடக்கிறது. தகடு நசுங்க நசுங்கப் பிடி தளரும். வலது ஹேண்டில் மெல்லச் சுழன்றது பிரேக் பிடிக்கும் நேரத்தில்தான் தெரியவரும். விட்டம் பொருந்தவில்லை என்றால் பணத்தைத் திரும்ப வாங்குங்கள்.

இதில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஃபோர்க் குழாயை டி-க்கு மேலே 20, 30 மில்லிமீட்டர் தள்ளிவிட்டு, அந்த நீட்டலில் கிளிப்-ஆனைப் பிடிப்பது. ஹேண்டில் உயர்ந்த மாதிரி தெரியும். உண்மையில் வண்டியின் முன்பக்கம் அதே அளவு இறங்கியிருக்கும். ஃபோர்க்கின் சாய்வு குறைந்து டிரெயில் (திருப்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம்) சுருங்கும், நேர்ச் சாலையில் ஹேண்டில் நிலையில்லாமல் துறுதுறுக்கும். பெரிய பள்ளத்தில் ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது மட்கார்டு ஃபேரிங்கிலோ ரேடியேட்டரிலோ இடிக்கவும் வழி உண்டு.

அடாப்டர் பிளேட்

மூன்றில் மலிவு இதுதான், அதிகம் விற்பதும் இதுதான். கம்பெனி டி-யின் மேல் ஒரு அலுமினியத் தகடு, அதன்மேல் இரண்டு ஹேண்டில் ஹோல்டர், அதில் ஒற்றைப் பார். தகட்டைப் பிடித்து நிறுத்துவது எது என்று மட்டும் பாருங்கள், கிட்டின் தரம் தெரிந்துவிடும். ஸ்டெம் என்பது ஹேண்டில் திரும்பும் நடு அச்சு; அதன் நட்டு ஒன்றிலேயே தகடு நிற்கிறது என்றால் வாங்க வேண்டாம். ஒரே புள்ளியில் இறுகிய தகட்டுக்குச் சுழலாமல் தடுக்க எதுவும் இல்லை. வண்டி நின்ற இடத்தில் ஒருக்களித்து விழுந்தால்கூட ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாக நிற்கும். தகட்டின் கனம் ஸ்டெம் மரையையும் தின்றுவிடுகிறது: 6 மில்லிமீட்டர் தகடு போட்டால் நட்டுக்குப் பிடிக்க 6 மில்லிமீட்டர் மரை குறைவு. இறுக்கிய பிறகு ஸ்டெம்மின் மரை நட்டின் மேல்முகத்தை எட்டியிருக்க வேண்டும். உள்ளே அமிழ்ந்து நின்றால் அந்த வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

ஸ்டெம் நட்டோடு, கம்பெனி டி-யில் ஏற்கெனவே உள்ள இரண்டு துளைகளிலும் போல்ட் ஏறும் பிளேட் இருந்தால் அது பரவாயில்லை ரகம். அதிலும் துளைகள் வட்டமாக இருக்க வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று நீள்வட்டமாகத் துளை விட்டிருந்தால், அது எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது என்றுதான் படிக்க வேண்டும்.

கம்பெனி டி-யிலேயே துளை போட்டு ஹோல்டர் வைப்பது இதற்கும் கீழே. மேலே பார்க்கக் கட்டியாகத் தெரியும் டி-யைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெறும் விலா எலும்புகளும் இடையில் மெல்லிய சவ்வும்தான் இருக்கும். ஃபோர்க் பிடிக்கும் இடமும் ஸ்டெம் பிடிக்கும் இடமும் மட்டுமே கனம். சவ்வில் துளையிட்டு வாஷர் போட்டு இறுக்கினால் விரிசல் துளையின் விளிம்பிலிருந்து கிளம்பும். வெல்டிங் வைப்பதோ அதைவிட மோசம்: வார்ப்பு அலுமினியம் வெல்டிங் சூட்டில் தன் பதத்தை இழந்துவிடும், தையலுக்குப் பக்கத்து உலோகம் பலவீனமாகும். சேலத்தில் லேத் பட்டறைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லை, கைத்திறமைக்கும் குறைவில்லை. ஆனால் இது திறமையால் சரிசெய்யக்கூடிய வேலை கிடையாது.

எம்டி-15 டி

2019-இல் வந்த யமஹாவின் நேக்கட் வண்டி எம்டி-15-உம் ஆர்15 வி3-யும் ஒரே 155 சிசி என்ஜினையும் ஒரே டெல்டாபாக்ஸ் சேஸி அமைப்பையும் பகிர்ந்துகொண்ட வண்டிகள். முன் ஃபோர்க்கும் இரண்டிலும் 41 மில்லிமீட்டர். ஒன்றின் ஹேண்டில் கிளிப்-ஆன், இன்னொன்றுக்கு டி-மேல் ஹோல்டர் வைத்த ஒற்றைப் பார். அதனால்தான் முதல் தலைமுறை எம்டி-15-இன் மேல் டி, ஹோல்டர், பார், கிளட்ச் கேபிள் நான்கையும் கம்பெனி ஸ்பேராக வாங்கி வி3-யில் ஏற்றும் வழி பரவலானது. மூன்றில் முதலிடம் இதற்குத்தான். காரணம் எளிது: ஹேண்டிலின் இழுப்பையும் தள்ளலையும் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வார்த்த டி இது ஒன்றுதான்.

தலைமுறை மாறிப் போகாதீர்கள். 2022-இல் வந்த எம்டி-15 இரண்டாம் பதிப்பிலும் 2021-இன் ஆர்15 வி4-இலும் முன்னால் இருப்பது தலைகீழ் ஃபோர்க் (பருத்த வெளிக்குழாய் மேலே இருக்கும் வகை). விவரப் பட்டியலில் 37 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது உள்குழாயின் அளவு. டி பிடிப்பது வெளிக்குழாயை, அது அதைவிட நல்ல பருமன். ‘41-க்கு 37 சின்னது, புஷ் போட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது கவுண்டரில் சொன்னால் அவர் டி-யைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பழைய பாகக் கடையில் வாங்குவதாக இருந்தால் வெர்னியர் காலிப்பரோடு போங்கள். மூன்று அளவு: ஃபோர்க் துளையின் விட்டம், இரண்டு ஃபோர்க் துளைகளின் மையத்துக்கு மையம் தூரம், ஸ்டெம் மையத்திலிருந்து ஃபோர்க் மையக்கோடு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்ற ஆஃப்செட். மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கீழ் டி உங்கள் வண்டியுடையது, மேல் டி வேறு வண்டியுடையது. இரண்டின் ஆஃப்செட்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர்க் குழாய்கள் வளைந்து நிற்க முயலும். புஷ் ஒரு பக்கமாகத் தேயும், ஆயில் சீல் ஒழுகும், ஸ்டெம் பேரிங் ஒரு பக்கம் அழுந்தும். சரியான டி என்றால் இரண்டு குழாய்க்கும் ஸ்டெம்முக்கும் மேலிருந்து கை அழுத்தத்திலேயே இறங்கி உட்காரும். மரச்சுத்தியல் கேட்டால் கழற்றிவிட்டுத் திரும்ப அளவெடுங்கள்.

பழைய டி-யில் விபத்தின் தடயமும் இருக்கலாம். கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வைத்தால் ஆடக் கூடாது. ஃபோர்க் பிடிக்கும் பிளவின் அடியில் மயிரிழை விரிசல் தேடுங்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வேலை நடக்கும் முறை

பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு போட்டு, என்ஜினின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக் கொடுத்து, முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஸ்டெம் துளையில் குச்சி விட்டுத் தூக்கும் முன் ஸ்டாண்டு இந்த வேலைக்கு ஆகாது. கழற்றப்போவதே அந்த இடத்தைத்தான்.

அவிழ்க்கும் முன் ஃபோர்க் குழாய் டி-யின் மேல்முகத்தை விட எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மேல் பிஞ்ச் போல்ட்டுகள் (ஃபோர்க் குழாயைச் சுற்றி டி-யை இறுக்குபவை), ஸ்டெம் நட்டு, டி என்று வரிசையாகக் கழற்றுங்கள். கீழ் டி-யின் போல்ட்டுகளைத் தொடக் கூடாது. அவைதான் ஃபோர்க்கைப் பிடித்து நிற்கின்றன. டி-க்குக் கீழே தெரியும் வெட்டு விழுந்த வளைய நட்டுகள் கோன் செட்டின் (ஸ்டெம் பேரிங்கின்) இறுக்கத்தைத் தீர்மானிப்பவை, அவற்றையும் தொட வேண்டாம். கிளிப்-ஆன் டி-க்குக் கீழே இறுகியிருக்கும் வண்டியில் டி எழுந்தால்தான் அதை உருவ முடியும்.

சாவி ஸ்விட்ச் ஒரு தனித் தலைவலி. திருடர் கழற்றக் கூடாது என்பதற்காகப் பல வண்டிகளில் அதைத் தலை முறியும் போல்ட்டால் பூட்டியிருப்பார்கள், ஸ்பேனருக்குப் பிடிக்க முகமே இருக்காது. தலையின் நடுவில் பஞ்ச் வைத்துத் துளையிட்டோ, சிறு உளியால் விளிம்பில் தட்டிச் சுழற்றியோ எடுக்க வேண்டும். புது டி-யில் வைத்த பிறகு ஹேண்டில் லாக் விழுகிறதா என்று பாருங்கள். லாக் ஊசிக்கும் சேஸியின் துளைக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் விழாது.

இறுக்கும் வரிசை: முதலில் ஸ்டெம் நட்டு, பிறகு மேல் பிஞ்ச் போல்ட்டுகள். வரிசை தப்பினால் ஸ்டெம் நட்டின் இறுக்கம் பேரிங்குக்குப் போகாமல் ஃபோர்க் குழாயிலேயே நின்றுவிடும், சில நாளில் பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்று தட்டும். ஹோல்டரின் அடிப்போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருப்பி வைத்து, பாரைப் படுக்கவைத்து, மேல் மூடிகளை இறுக்கி, இரண்டு ஹோல்டரும் ஒரே கோட்டில் வந்தபின் அடிப்போல்ட்டை இறுக்குங்கள். மூடியில் ஒரு பக்கம் புள்ளி குத்தியிருந்தால் அந்தப் பக்கம் முன்னால் வரும், அந்தப் பக்கப் போல்ட்டு முழுசாக இறுகும், இடைவெளி பின்பக்கம் விழும். இந்த அளவு எம்8 போல்ட்டுகளுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சரி. அலுமினியத்தில் மரை போய்விட்டால் டார்க் ரெஞ்ச் வாங்காமல் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உருக்காலை இருக்கும் ஊர் என்பதாலோ என்னவோ, சேலத்தில் எவர்சில்வர் போல்ட் மீது ஒரு பாசம் உண்டு, துருப்பிடிக்காது, பளபளக்கும். ஆனால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஏ2-70 எவர்சில்வரின் இழுவை வலிமை 700 மெகாபாஸ்கல், நீட்சி தொடங்கும் எல்லை 450. தலையில் 8.8 என்று பொறித்த கறுப்பு போல்ட்டுக்கு அவை 800-உம் 640-உம். ஃபேரிங் ஸ்க்ரூவுக்கு எவர்சில்வர் போடலாம், கண்ணுக்கும் நன்றாக இருக்கும். ஹேண்டில் ஹோல்டருக்கும் டி-க்கும் 8.8-க்குக் குறையாமல் போடுங்கள்.

பார் பொதுவாகப் பிடிமுனையில் 22 மில்லிமீட்டர். நடுவில் பிடிக்குமிடம் 28.6 மில்லிமீட்டராகப் பருத்த ‘ஃபேட் பார்’ வாங்கினால் ஹோல்டரும் அந்த அளவில் வேண்டும். ஸ்விட்ச் பெட்டியின் உள்ளே ஒரு சிறு முளை இருக்கும், அது பாரில் உள்ள துளையில் விழுந்துதான் ஸ்விட்ச் சுழலாமல் நிற்கிறது. புதுப் பாரில் துளை இல்லையென்றால் முளையை அரத்தால் ராவிவிடுவது பட்டறைப் பழக்கம். அப்புறம் இண்டிகேட்டர் போடும் போதெல்லாம் ஸ்விட்ச் பெட்டியே திரும்பும். பாரில் அளவாகத் துளையிடுவது பத்து நிமிட வேலை. ஆக்ஸிலேட்டர் பிடிக்கும், பாரின் முனையில் மாட்டும் வெயிட்டுக்கும் இடையில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டி நின்றால் ஆக்ஸிலேட்டர் தானாகத் திரும்பாது.

ஹோஸ்

ஏபிஎஸ் வண்டியில் முன் பிரேக் ஹோஸ் இரண்டு துண்டு: பிரேக் லிவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் யூனிட் வரை ஒன்று, அங்கிருந்து காலிப்பர் வரை இன்னொன்று. யூனிட் சேஸியோடு நிற்பதால் ஹேண்டில் உயரும்போது மேல்துண்டை மட்டும் நீட்டினால் போதும். ‘ஹோஸ் செட்’ முழுக்க வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஏபிஎஸ் வருவதற்கு முந்தைய 2018 வி3-யில் ஹோஸ் நேராகக் காலிப்பருக்கு இறங்கும், அதில் ஃபோர்க் முழுசாக நீண்ட நிலையிலும் அளவு பார்க்க வேண்டும்.

நீளம் எடுக்கச் சிறந்த கருவி பழைய கிளட்ச் இன்னர் ஒயர். மாஸ்டரிலிருந்து போகும் வழியிலேயே அதைப் படியவைத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எந்தப் பக்கம் அதிகம் கேட்கிறதோ அந்த அளவோடு சிறு தளர்வு சேர்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி நீளம் வாங்கினால் வளையம் ஃபேரிங்கில் உரசும்.

ஹோஸின் முனையைப் பூட்டும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் மரையில் ஏமாற வேண்டாம். ஜப்பானிய மாஸ்டர்களில் எம்10, 1.25 பிட்ச், பிரெம்போ வகையில் எம்10, 1.0. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் மூன்று நான்கு சுற்று தடையில்லாமல் போகாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு பேஞ்சோவுக்கும் இரண்டு காப்பர் வாஷர், ஒவ்வொரு முறையும் புதுசு. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, இன்னொரு முறை நசுங்கி அடைக்காது.

பிரேக் லைனில் சிக்கிய காற்றை எடுக்கும்போது முதலில் மாஸ்டரின் பேஞ்சோவிலேயே எடுக்க வேண்டும். ஹேண்டில் உயர்ந்து மாஸ்டர் சாய்ந்த கோணம் மாறியிருப்பதால் அங்கே ஒரு குமிழ் பதுங்கும், காலிப்பரில் எத்தனை முறை எடுத்தாலும் அது கீழே வராது. ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்து வைத்தால் வலப்பக்க மாஸ்டர் மேலே வரும், குமிழ் குப்பிக்கு ஏறிவிடும். பிறகு காலிப்பர். டாட் 4 ஆயில், புதிதாகத் திறந்த டப்பா. லிவர் இன்னும் பஞ்சு மாதிரி இருந்தால் யூனிட்டுக்குள் காற்று இருக்கலாம். ஆளில்லாத மண்தரையில் மெதுவாகப் போய் ஏபிஎஸ் இரண்டு மூன்று முறை வேலை செய்யும்படி பிரேக் பிடித்துவிட்டு வந்து திரும்ப எடுங்கள். பாதிப் பிரேக்கோடு மலை ஏறக் கூடாது. ஏறிவிடலாம், இறங்குவதுதான் பிரச்சினை.

பட்டறையிலேயே ஒடித்துப் பாருங்கள்

வேலை முடிந்து கூலி கொடுக்கும் முன் என்ஜினை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். வண்டி தானாக ரேஸ் ஆனால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. ஏற்காடு பாதையில் மேலே ஏறும்போது வரும் இடது கொண்டை ஊசிகள்தான் மிகக் குறுகல். முதல் கியரில், ஏறக்குறைய முழு ஒடிப்பில், எதிரே பஸ் அகலமாக எடுத்துத் திரும்பிக்கொண்டிருக்கும்போது என்ஜின் தானாக 3000-க்கு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். ஆக்ஸிலேட்டர் பிடியில் 3 முதல் 5 மில்லிமீட்டர், கிளட்ச் லிவர் முனையில் 10 முதல் 15 மில்லிமீட்டர் ஃப்ரீ ப்ளே (கேபிள் இழுபடும் முன் இருக்கும் தளர்வு) எந்த ஒடிப்பிலும் மாறாமல் இருக்க வேண்டும். கிளட்ச் ஃப்ரீ ப்ளே ஒரு பக்கம் மறைந்தால் ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் ஓடும், பிளேட் தேயும்.

அடுத்து, சேஸியில் உள்ள ஸ்டீரிங் ஸ்டாப்பர்தான் முதலில் தட்ட வேண்டும். அதற்கு முன் லிவர் ஃபேரிங்கைத் தொட்டாலோ, கட்டைவிரல் டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் மாட்டினாலோ பாரின் அகலம் அல்லது கோணம் தவறு. பாரை முன்னால் ஒரு நூல் சுழற்றினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் முனையில் 10 மில்லிமீட்டர் வெட்டலாம். ஃபேரிங்கை வெட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வைசர் கண்ணாடியின் உள் விளிம்பில் பிரேக் ஆயில் குப்பி இடிக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்விட்ச் ஒயர்கள் முழு ஒடிப்பில் விறைக்கக் கூடாது. ஒயரை வெட்டி ஒட்டு போடுவதைவிடக் கிளிப்பைக் கழற்றி வழி மாற்றுவது நல்லது. ஏற்காட்டு மூடுபனியில் டேப் சுற்றிய ஒட்டு ஒரு சீசன்கூடத் தாங்காது.

நல்ல கை உள்ளவருக்கு இது அரைநாள் வேலை. ‘டீ குடிச்சுட்டு வாங்கண்ணா, முடிச்சுடறேன்’ என்றால் அவர் ஹோஸை மாற்றப் போவதில்லை, கம்பெனி ஹோஸை இழுத்துக் கட்டப் போகிறார்.

ஓட்டத்தில்

எம்டி-15 பார் போட்ட வி3 இறக்கத்தில் வேறு வண்டி மாதிரி இருக்கும். உடம்பு நிமிர்கிறது, அகலமான பார் என்பதால் குறைந்த வேகத்தில் திருப்ப விசை குறைவாகப் போதும், வளைவின் மறுமுனை தலையை முறுக்காமலே தெரியும். ஊருக்குள் பலன் இன்னும் அதிகம்.

இழப்பும் உண்டு. ஃபுட்ரெஸ்ட் கம்பெனி இடத்திலேயே, பின்னால், உயரத்தில் இருக்கிறது. கை நிமிர்ந்து கால் மடங்கிய இந்தக் கலவையில், மணிக்கட்டு சுமந்த பாரம் வால் எலும்புக்குப் போகிறது, வி3-யின் சீட்டோ மெத்தென்று இருப்பதற்குப் பேர்போனது அல்ல. மணிக்கட்டு வலிக்காகப் பெரிய பார் போட்டு, குறுக்கு வலி வந்து, சீட் ஃபோம் மாற்றி, பிறகு ஃபுட்ரெஸ்ட் இறக்கும் பிளேட் தேடுபவர்கள் பலர். அந்தப் பட்டியலின் முடிவில் இருப்பது ஃபேரிங் போட்ட எம்டி-15, அதை எம்டி-15 ஆகவே வாங்கியிருக்கலாம். நெடுஞ்சாலையிலும் கணக்கு மாறும்: தொப்பூர் வழியாகப் பெங்களூர் போகும்போது வைசருக்கு மேலே வந்துவிட்ட நெஞ்சிலும் ஹெல்மெட்டிலும் காற்று அறையும். ஃபேரிங்கில் இருக்கும் கண்ணாடிகளில் பின்னால் வரும் லாரியைவிட உங்கள் முழங்கை அதிகம் தெரியும்.

ஆகவே வாரம் ஒருமுறை ஏற்காடு, மற்ற நாளில் சூரமங்கலம், செவ்வாய்ப்பேட்டை என்று ஊருக்குள் சுற்றுபவருக்கு 25, 30 மில்லிமீட்டர் உயர்த்திய கிளிப்-ஆன் போதும்; பிரேக் லைனைத் திறக்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றிவிடவும் முடியும். மணிக்கட்டில் ஏற்கெனவே காயமோ நரம்புப் பிரச்சினையோ உள்ளவர், நெடுந்தூரம் குறைவாகப் போகிறவர் எம்டி-15 டி-க்குச் செலவு செய்யலாம். அடாப்டர் பிளேட் யாருக்கும் பரிந்துரைக்கும்படி இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறுபடக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காத மாற்றம், விபத்து நடந்தபின் கிளெய்ம் நிராகரிக்கக் காரணமாகக் காட்டப்படலாம்.

முதல் 100 கிலோமீட்டரிலும் பிறகு 500-லும் ஹோல்டர், பிஞ்ச் போல்ட், ஸ்டெம் நட்டு மூன்றையும் டார்க் ரெஞ்சால் பாருங்கள். பேஞ்சோவைச் சுற்றி விரல் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், தெறித்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழற்றிய டி, கிளிப்-ஆன், ஹோஸ், கேபிள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, போல்ட்டுகளைத் தனிப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள். வண்டியை விற்கப் போகும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான்.